கிரியாட்டினின் 1.2: ஒரே எண், இரண்டு தீர்ப்பு

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ரத்தப் பரிசோதனை ஓர் எண்ணைச் சொல்லும். அது யாருடைய உடம்பு, எந்த நாளில் எடுத்த ரத்தம் என்று சேர்த்துப் பார்க்காவிட்டால், நோயாளிக்கு நிம்மதியையும் நலமாக இருப்பவருக்குப் பீதியையும் அந்த எண்ணே கொடுத்துவிடும். செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூரை முன்வைத்து ஓர் அலசல்.

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது தடித்த எழுத்தை. எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் நட்சத்திரக் குறி இல்லையென்றால் பாதி நிம்மதி. மீதி நிம்மதிக்குக் கவுன்ட்டரில் இருப்பவரைக் கேட்போம். “எல்லாம் நார்மல்தானே தம்பி?” “நார்மல்தாம்மா. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க.” பல வீடுகளில் அந்த ‘ஒருதடவை’ வருவதே இல்லை. ரிப்போர்ட் மடித்தபடியே பீரோவுக்குள் போய்விடும்.

கிட்னி விஷயத்தில் இந்தப் பார்வை காலை வாரிவிடும். ரிப்போர்ட்டில் ‘சீரம் கிரியாட்டினின் 1.2’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அச்சாகியிருக்கும் வரம்பு 0.6 முதல் 1.3 வரை. நட்சத்திரம் இல்லை. அந்த ரிப்போர்ட் 30 வயது இளைஞருடையது என்றால், அவருடைய சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 மில்லி. பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே 1.2 ஒரு 65 வயது அம்மாவுடையது என்றால் கணக்கு 50-க்கு இறங்கிவிடும். அது மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. இளைஞரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த அம்மாவை உட்காரவைத்துப் பேச வேண்டும். ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே எண், ஒரே ‘நார்மல்’.

இந்த எண் எந்தெந்தப் பக்கம் ஏமாற்றும் என்று புரிந்துகொள்ள மேல்சித்தாமூர் பொருத்தமான ஊர். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் புடைப்புச் சிற்பங்கள் கொண்ட மலைநாதர் கோயிலும் இங்கே உண்டு. நயினார்கள் எனப்படும் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்து வருபவர்கள். சுத்த சைவம், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு, நோன்பு நாட்களில் உபவாசம் என்பது அவர்கள் வழக்கம். ஊரைச் சுற்றி நெல், கரும்பு, மல்லாட்டைக் கொல்லைகள். அதில் வெயிலோடு வெயிலாக உழைக்கிற பல சமூகத்துக் கூலிக்காரர்கள். சைவ உணவு, உபவாசம், வெயில் வேலை. மூன்றுமே கிரியாட்டினினை ஒவ்வொரு விதமாக அசைத்துப் பார்ப்பவை.

கழிவு சொல்லும் சேதி

கிரியாட்டினின் என்பது தசைகளின் கழிவு. தசை தன் அவசரச் சக்திக்காகக் கிரியாட்டின் என்ற பொருளைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒரு சிறு பங்கு தினமும் கிரியாட்டினினாக மாறி ரத்தத்தில் கலக்கும். உடம்புக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்ற நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டுவது ஏறத்தாழ 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்ள, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேறுகிறது.

தெருவுக்குக் குப்பை வண்டி சரியாக வருகிறதா என்று வாசலில் கிடக்கும் குப்பையை வைத்துக் கணிப்பது போன்றதுதான் கிரியாட்டினின் பரிசோதனை. குப்பை குவிந்திருந்தால் வண்டி வரவில்லை என்று பொருள். ஆனால் வீட்டில் விருந்து நடந்திருந்தாலும் குப்பை குவியும். ஒண்டியாக வாழும் பாட்டி வீட்டில் வண்டி நாலு நாள் வராவிட்டாலும் வாசல் சுத்தமாகத்தான் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பை ஏற்றிய இளைஞருக்கு 1.3 இயல்பாக இருக்கலாம். 42 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 1.0 என்பதே கவனிக்க வேண்டிய எண்ணாக இருக்கலாம்.

அதனால்தான் கிரியாட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்று இருக்கும் வரி அதுதான். இப்போது பரவலாகப் பயன்படும் சூத்திரம் 2021-இல் திருத்தப்பட்ட சி.கே.டி.-எபி. 90-க்கு மேல் இருந்தால் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. முதல் இரண்டு நிலைகளில் சிறுநீரில் புரதம் போன்ற வேறு அடையாளம் இல்லாவிட்டால் அதற்கு நோய் என்று பெயரே இல்லை. நாற்பதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு புள்ளி அளவுக்குக் குறைவது வயதின் இயல்பு. எண்பது வயதுத் தாத்தாவுக்கு 58 என்று வந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்று, சிறுநீரும் சுத்தமாக இருந்தால் வீட்டையே கலவரப்படுத்த வேண்டியதில்லை.

இன்னொரு சூட்சுமம், ஆரம்பத்தில் இந்த எண் மெதுவாகத்தான் ஏறும். 60 வயது ஆண் ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.0 இருக்கும்போது வடிகட்டும் திறன் சுமார் 86. அது 2.0 ஆனால் 38. 4.0 ஆனால் 16. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போதே பாதிக்கு மேல் போய்விட்டது. 4 என்று கேட்டதும் அலறுகிறோம். உண்மையில் பெரிய இழப்பு நடந்தது, ‘கொஞ்சம் ஏறியிருக்கு’ என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்ட அந்த முதல் கட்டத்தில்.

வரம்புக்கு உள்ளேயே நடக்கும் சரிவு அதைவிட மோசம். 45 வயதில் 0.8 இருந்த ஓர் ஆணுக்கு 48 வயதில் 1.2 என்று வருகிறது. இரண்டு ரிப்போர்ட்டிலும் நட்சத்திரம் இல்லை. வடிகட்டும் திறனோ 111-இலிருந்து 75-க்கு வந்திருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு காணோம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நார்மல்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சைவச் சாப்பாடும் மெலிந்த தேகமும்

இறைச்சியில் இருக்கும் கிரியாட்டின், சமைக்கிற சூட்டில் கிரியாட்டினினாக மாறும். இரவு வயிறாற மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால், சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் இல்லாமலேயே எண் கொஞ்சம் ஏறித் தெரியலாம். வாழ்நாளில் இறைச்சியே தொடாதவருக்கு இதற்கு நேர்மாறு. அவர் உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. அதோடு முதுமையும் மெலிவும் சேர்ந்தால் இன்னும் குறைவு. மேல்சித்தாமூரில் சைவ உணவிலேயே வாழ்ந்து மூத்த, ஒல்லியான ஒரு பாட்டிக்கு 0.9 என்று வந்தால், அது நல்ல சிறுநீரகத்தின் அடையாளமாகவும் இருக்கலாம், குறைந்த தசையின் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் வைத்து எது என்று பிரிக்க முடியாது.

இது நயினார் வீடுகளோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல. இந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் மேலை நாட்டு உடல்களை அளந்து உருவானவை. நம் ஊரில் தசை குறைவு, புரதம் குறைவு. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் ஆய்வாளர்கள், வடிகட்டும் திறனை நேரடியாக அளந்து சூத்திரக் கணக்கோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இதுதான்: கிரியாட்டினினை நம்பிய சூத்திரங்கள் இந்தியர்களின் சிறுநீரகத் திறனைக் கூட்டிக் காட்டுகின்றன. தாளில் 70 என்று இருப்பவருக்கு உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

சந்தேகம் வந்தால் இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சிஸ்டாட்டின்-சி. உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களும் சுரக்கும் சிறு புரதம் இது. தசையின் அளவோ தட்டில் இருக்கும் உணவோ இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கிரியாட்டினினையும் இதையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை உண்மைக்குப் பக்கத்தில் வரும். 2024-இல் வெளியான உலகளாவிய சிறுநீரக மருத்துவ வழிகாட்டுதலும், வசதி உள்ள இடங்களில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம், உடல்பருமன் இருந்தால் சிஸ்டாட்டினும் மாறும். விலையும் கூடுதல். எல்லோருக்கும் தேவையில்லை. மெலிந்த முதியவர், கை அல்லது கால் இழந்தவர், நெடுநாள் படுக்கையில் இருந்தவர் ஆகியோருக்கு டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

உபவாச நாளில் எடுத்த ரத்தம்

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்ற பாறைக் குன்று. 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள பழமையான கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. முனிவர்களின் நோன்பு வேறு. இன்றைய இல்லறத்தார் தசலட்சண நோன்பு நாட்களில் ஓரிரு நாள் உபவாசம் இருப்பது வேறு. ஆனால் எவ்வளவு சிறிய உபவாசமும் ரத்தத்தில் தடம் பதிக்கும், அது லேபுக்குத் தெரியாது.

சாப்பாடு இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது கீட்டோன்கள் உருவாகும். கிரியாட்டினினை அளக்க இன்றும் பல லேப்கள் கையாள்வது, 1886-இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்ட வினையை. ரத்தத்தின் தெளிநீரில் காரத்தோடு பிக்ரிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். மஞ்சளாக இருந்த கரைசல் செம்மஞ்சளாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ கிரியாட்டினின் அவ்வளவு. மலிவான, எளிமையான முறை. சிக்கல் என்னவென்றால், கீட்டோனைப் பார்த்தாலும் அது நிறம் மாறும். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் அதைக் குழப்பும். ஆகவே உபவாசத்தில் இருப்பவருக்கும், சர்க்கரை கட்டுமீறிக் கீட்டோன் ஏறியவருக்கும் கிரியாட்டினின் கூடுதலாகக் காட்டலாம். என்சைம் முறையில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு. எந்த முறையில் பார்த்தார்கள் என்பதைப் பல லேப்கள் ரிப்போர்ட்டிலேயே சின்ன எழுத்தில் போடுகின்றன. போன தடவை ஒரு லேப், இந்தத் தடவை இன்னொரு லேப் என்று மாறிவிட்டு, ‘0.2 ஏறிவிட்டதே’ என்று தூக்கத்தைத் தொலைப்பவர்கள் முதலில் அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்கலாம்.

நோன்பைக் கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரும் அருந்துவதில்லை. மறுநாள் காலை ரத்தம் கொடுக்கும்போது உடம்பில் நீர் குறைந்திருக்கும், யூரியா சற்று ஏறியிருக்கும். இதற்காக நோன்பை விடச் சொல்லவில்லை. பரிசோதனையை வேறொரு நாளில் வைத்துக்கொண்டால் போதும். கிரியாட்டினினுக்கு வெறும் வயிறு அவசியமும் இல்லை. கூடவே சர்க்கரையும் பார்ப்பதால்தான் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் உபவாசத்துக்கு முன் டாக்டரைக் கலந்துகொள்வது அவசியம்.

வெயிலில் எடுத்த ரத்தம்

இனி அதே ஊரின் கரும்புத் தோட்டத்துக்கு வருவோம். சித்திரை வெயிலில் காலையிலிருந்து கரும்பு வெட்டிய ஒருவர், உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாலையில் நடக்கும் மருத்துவ முகாமில் ரத்தம் கொடுக்கிறார். கிரியாட்டினின் 1.6. வியர்வையில் நீர் போய்விட்டது, தசை கடுமையாக உழைத்திருக்கிறது, வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்திருக்கிறது. நல்ல ஓய்வும் தண்ணீரும் கிடைத்தால் சில நாட்களில் எண் இறங்கிவிடலாம், இறங்காமலும் போகலாம். அந்த ஒரு நாளை வைத்து அவருக்கு நோயாளி என்று முத்திரை குத்துவது தவறு. ‘வெயில்தான் காரணம்’ என்று மறுபடி பார்க்காமல் விடுவது அதைவிடத் தவறு.

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் நிலையம் 2023-இல் தமிழகத்தின் பல வட்டாரங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. முதல் பரிசோதனையில் எண் பிசகியவர்களை அப்படியே கணக்கில் சேர்க்காமல், மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். அதன் பிறகே நோய் என்று உறுதி செய்தார்கள். உறுதியானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில். முதலில் பிசகியவர்கள் அதைவிடக் கணிசமாக அதிகம். உறுதியான அந்த ஐந்து பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவுமே இல்லை.

‘காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று இதற்குத் தனிப்பெயரே உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அனுராதபுரம், பொலன்னறுவை பகுதி நெல் விவசாயிகளை 1990-களிலிருந்து வாட்டுகிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் என்று பட்டியல் நீளும். நிலத்தடி நீர், பூச்சிக்கொல்லி, வெயில் என்று சந்தேகங்கள் பல. அவற்றில் வெயில் மீதான சந்தேகம் வலுத்து வருகிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், பெரும்பாலானோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், நூற்றுக்கு ஏழு பேருக்கு வடிகட்டும் திறன் குறைந்திருப்பதும் தெரிந்தது. விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. கொல்லைக்காட்டுக் கூலிக்காரருக்கும் உப்பள வேலையாளுக்கும் வெயில் ஒன்றுதான்.

ஆக, சர்க்கரையும் பிரஷரும் இல்லை என்பதாலேயே கிட்னி டெஸ்ட் தேவையில்லை என்று வெயிலில் உழைப்பவர் இருந்துவிட முடியாது. வேலை இல்லாத நாளில், வழக்கம்போலத் தண்ணீர் குடித்து, வலி மாத்திரை போடாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். எண் பிசகினால் ஓரிரு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் மறுமுறை.

பக்கத்து வரிகள்

கிரியாட்டினின் கூடினால் ஊரில் ‘உப்பு ஏறிடுச்சு’ என்று சொல்வதைக் கேட்டு, சாப்பாட்டு உப்பை நிறுத்தினால் கிரியாட்டினின் இறங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கிரியாட்டினின் உப்பே அல்ல. உப்பைக் குறைப்பது ரத்தக்கொதிப்புக்கு நல்லது. அந்த வழியாகச் சிறுநீரகத்துக்கும் நல்லது. அவ்வளவுதான்.

யூரியா, புரதத்தின் கழிவு. 15 முதல் 40 வரை இயல்பு. ‘பி.யூ.என்.’ என்று போடும் லேப்களில் அதே அளவு பாதிக்கும் குறைவாகத் தெரியும். அந்த எண்ணை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘போன மாசம் 18, இந்த மாசம் 38’ என்று பதற வேண்டாம். யூரியா தனி ஆளாகச் சாட்சி சொல்லத் தகுதியற்றது. தண்ணீர் குறைந்தாலும், குடலில் ரத்தம் கசிந்தாலும் ஏறும். கல்லீரல் கெட்டால் இறங்கும். கிரியாட்டினின் அதிகம் அசையாமல் யூரியா மட்டும் எகிறினால் டாக்டர் முதலில் நீர்ச்சத்தைத்தான் சந்தேகிப்பார்.

உடனடி ஆபத்தைச் சொல்வது பொட்டாசியம். 3.5 முதல் 5 வரை இயல்பு. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் பொய்யாகவும் ஏறிக் காட்டும் என்பதால், எதிர்பாராமல் கூடினால் உடனே மறுபரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுப்பார்கள். பொட்டாசியம் ஏறியிருக்கும் சிறுநீரக நோயாளிக்கு ‘குளிர்ச்சிக்கு நல்லது’ என்று நாம் அன்போடு வாங்கிக் கொடுக்கும் இளநீர் விபரீதத்தில் முடியலாம். ஹீமோகுளோபின் குறைவதும் சிறுநீரகச் செய்தியாக இருக்கலாம். ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது.

சிறுநீர் முந்திக்கொள்ளும்

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் அனுமதிக்கப்பட்டு, பிறகு அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அண்ணன் மகள் லீலாவதி தானமளித்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. அந்த மாதங்களில் தமிழ்நாட்டின் டீக்கடைகளில் எல்லாம் கிட்னியே பேச்சு. டயாலிசிஸ், மாற்று அறுவை என்று நோயின் கடைசிக் கட்டத்தை நாம் அப்போதே தெரிந்துகொண்டோம். முதல் கட்டம்தான் இன்னும் பிடிபடவில்லை. முதல் கட்டம் ரத்தத்தில் தெரிவதில்லை, சிறுநீரில் தெரிகிறது.

சர்க்கரை நோயில் சிறுநீரக வடிகட்டி சேதமாகத் தொடங்கியதும், ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் புரதம் சிறுநீரில் கசியும். கிரியாட்டினின் அசைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடக்கலாம். காலையில் முதலில் போகும் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்த்தால் தெரிந்துவிடும். 30-க்குக் கீழே இயல்பு, 300-க்கு மேலே கடுமையான கசிவு. சர்க்கரை நோயாளிகளும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் ஆண்டுக்கொரு முறை இதைப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை என்று காட்டியவர் சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி. சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாக ஒரு திட்டத்தை நடத்தினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். கேள்விகள் கேட்டு, ரத்தஅழுத்தம் பார்த்து, சிறுநீரைச் சோதிப்பார்கள். ஒரு குழாயில் சிறுநீர், அதில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு. புரதம் இருந்தால் தெளிவாக இருந்த நீர் கண்ணெதிரே பால்போலக் கலங்கும். சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். பிசகு கண்டவர்களுக்கு மலிவான மாத்திரைகள், தொடர்ந்த கவனிப்பு. செலவு, மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுக்கு 27 அமெரிக்க சென்ட் என்று 2003-இல் சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023 ஜூலையில் வந்த ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டம், ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே சிறுநீரில் புரதம் பார்ப்பதைக் கொண்டுவந்தது. மாத்திரை வாங்கும் நாளில் “சிறுநீரும் பார்த்துடுங்கக்கா” என்று நாமே கேட்டுவிட்டால் வேலை சுலபமாக முடியும்.

எண்ணைக் குறைத்தால் நோய் போய்விடுமா?

‘பத்தே நாளில் கிரியாட்டினின் குறையும்’ என்ற விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. எண் குறைவது வேறு, சிறுநீரகம் தேறுவது வேறு. டயாலிசிஸ் செய்தாலும் எண் குறையும், நோய் அங்கேயேதான் இருக்கும். பருப்பையும் பாலையும் அறவே நிறுத்தித் தசை கரைந்தாலும் எண் குறையும். உடம்பு உருகிப்போனதைக் கிட்னி தேறியதாக நினைத்துச் சந்தோஷப்படுவோம். நாள்பட்ட நோயில் புரதம் அளவோடு வேண்டும். கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 40 கிராம் என்பது பொதுவான வழிகாட்டல். உள்ளடக்கம் தெரியாத மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகளுக்கும், சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகை சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, நல்ல மருந்து எண்ணைச் சற்று ஏற்றுவதும் உண்டு. சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே கொடுக்கப்படும் டெல்மிசார்டன், எனாலாப்ரில், டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைத் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். வடிகட்டியின் மேல் இருந்த அழுத்தம் குறைவதன் விளைவு அது. முதல் இரண்டு மருந்துகளில் 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை டாக்டர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். ‘மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது’ என்று பாதியில் நிறுத்துபவர்கள், காவலாளியை அனுப்பிவிடுகிறார்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்…

• கிரியாட்டினினோடு இ.ஜி.எஃப்.ஆர். இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்கிட்டுச் சொல்லும்படி டாக்டரைக் கேளுங்கள்.

• ரத்தம் மட்டும் கொடுத்தீர்களா, சிறுநீரும் கொடுத்தீர்களா? சிறுநீர் இல்லாத கிட்னி டெஸ்ட் அரைகுறைதான்.

• முந்தைய நாள் அசைவ விருந்து, உபவாசம், கடும் வேலை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை – இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

• ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட நோய். ஆனால் சிறுநீர் குறைவது, முகம் கால் வீங்குவது, மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

• முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

செஞ்சியிலும் திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனைகள், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, சற்றுத் தள்ளிப் புதுச்சேரியில் ஜிப்மர் என்று மேல்சித்தாமூர்க்காரருக்குப் போக இடங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் டாக்டர் முதலில் கேட்கப்போவது, “இதுக்கு முன்னாடி எப்போ பார்த்தீங்க, எவ்வளவு இருந்துச்சு?” என்றுதான். அதற்குப் பதில் சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது, பழைய ரிப்போர்ட்டால் மட்டும்தான் முடியும். தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.